ஒழுங்குமுறை அமைப்பை அமைச்சகத்திலிருந்து பிரித்துவிட்டால் விமானப் போக்குவரத்து சீர்திருந்திவிடுமா?

வரைவாளர் (கேள்வி):

வணக்கம். சிவில் விமானப் போக்குவரத்தின் ஒழுங்குமுறையையும் கண்காணிப்பையும் சீர்திருத்துவது குறித்து ஒரு சட்டவரைவுக் குழுவுக்குக் குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நான் சட்டம் படித்தவன். விமானத்தோடு எனக்குள்ள உறவு பயணியாக ஏறி இறங்கியதோடு சரி. துறைக்குள் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு எழுதுவதே முறை என்பதால் இங்கே வருகிறேன்.

இப்போதுள்ள ஏற்பாடு, ஒருகாலத்தில் பல நாடுகளில் இருந்த அதே ஏற்பாடுதான். ஒரே துறை விமான நிலையங்களை நடத்துகிறது, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்குச் சம்பளம் தருகிறது, விமானிகளுக்கு உரிமம் வழங்குகிறது, விமான நிறுவனங்களைச் சோதிக்கிறது. விபத்து நடந்தால் விசாரிக்கப் போவதும் அதே துறையின் அதிகாரிகளே. அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனமும் அதே அமைச்சரின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒழுங்குமுறைப் பணியை மட்டும் தனியே எடுத்துத் தன்னாட்சி ஆணையம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதே வரைவின் முதல் வடிவம் சொல்லும் ஒரே மருந்து.

முன்னுதாரணங்களைத் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியா 1995-இல் தன் விமானப் போக்குவரத்து ஆணையத்தை இரண்டாக்கி, பாதுகாப்பு ஒழுங்குமுறையை ஒன்றுக்கும் வான்வழிச் சேவையை மற்றொன்றுக்கும் கொடுத்தது. பிரிட்டனில் 1972 முதலே தனி ஆணையம் இருந்தும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு அதிலிருந்து பிரிந்தது 2001-இல்தான். தாய்லாந்து, பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐ.சி.ஏ.ஓ. 2015 ஜூனில் சிவப்புக் கொடி (கடும் பாதுகாப்புக் குறை உண்டு என்ற எச்சரிக்கை) காட்டிய பிறகு, தன் பழைய துறையைக் கலைத்து ஒழுங்குமுறைக்கு ஒன்றும் விமான நிலையங்களுக்கு ஒன்றுமாகப் புதிய அமைப்புகளை உருவாக்கியது. இவற்றைப் பார்த்தால் பிரிப்பதே சீர்திருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாக அமைப்பான எஃப்.ஏ.ஏ. இன்றுவரை ஒழுங்குமுறை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு இரண்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. பிரித்தால் போதுமா என்பது என் முதல் கேள்வி. போதாதென்றால், சட்டத்தின் எந்தப் பகுதியில் என் கவனம் அதிகம் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

ஹேங்கர்வாசி:

வரைவாளர் அவர்களுக்கு வணக்கம். ஒழுங்குமுறை அமைப்பொன்றில் வான்தகுதி ஆய்வாளராக (விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்று சோதிப்பவராக) பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நாட்டின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை.

ஒரு நாட்டின் பாதுகாப்புக் கண்காணிப்பை ஐ.சி.ஏ.ஓ. எட்டு முக்கியக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அடிப்படைச் சட்டம், அதன்கீழ் வரும் இயக்க விதிகள், அரசின் கண்காணிப்பு அமைப்பு, தகுதியுள்ள தொழில்நுட்ப ஆட்கள், அவர்களுக்கான வழிகாட்டிகளும் கருவிகளும், உரிமமும் சான்றிதழும் வழங்குதல், வழங்கிய பிறகு தொடர்ந்து கண்காணித்தல், கண்டறிந்த குறைகளைத் தீர்த்தல் என்பவை அவை. முதல் மூன்றை உங்களைப் போன்ற நல்ல வரைவாளர் ஒருவர் சில மாதங்களில் எழுதி முடித்துவிடலாம். நாடுகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் நான்காவதிலும் ஏழாவதிலும் எட்டாவதிலும்தான். நீங்கள் குறிப்பிட்ட தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்பை அவர்கள் 2015-க்குள் பிரித்துவிட்டார்கள். சர்வதேச சேவை நடத்தும் நிறுவனங்களை முதலிலிருந்து சோதித்து இயக்கச் சான்றிதழ்களை மறுபடி வழங்கும் வேலையில் இறங்கிய பிறகு, ஐ.சி.ஏ.ஓ.வின் கொடி இறங்கியது 2017 அக்டோபரில். பிற நாடுகளின் கண்காணிப்பை எஃப்.ஏ.ஏ.வும் தரம் பிரிக்கிறது; பன்னாட்டுத் தரத்தை எட்டியது முதல் வகை, எட்டாதது இரண்டாம் வகை. தாய்லாந்தை 2015 டிசம்பரில் இரண்டாம் வகைக்கு இறக்கிய எஃப்.ஏ.ஏ., முதல் வகையைத் திருப்பித் தந்தது 2025 ஏப்ரலில்தான். பிரிப்பதற்குச் சில மாதங்கள். நம்பிக்கையை மீட்பதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள்.

எட்டாவது கூறு எப்படித் தோற்றுப்போகும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) கருவி அறையைச் சோதித்தபோது, போல்ட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றின் அளவுத்திருத்தச் சீட்டில் தேதி கடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த ரெஞ்சை எடுத்துப்போனவர் யார், எந்த விமானத்தின் எந்த போல்ட்டை அதைக்கொண்டு இறுக்கினார் என்பது கருவிப் பதிவேட்டில் இருந்தது. அதையும் சேர்த்தே குறையாகப் பதிந்தேன். "பணியாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. தலைமையகத்தில் கோப்பை முடித்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது அதே ரெஞ்ச் அதே கொக்கியில் தொங்கியது, பழைய சீட்டின் மேல் புதிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தால் பழைய தேதி தெரிந்தது. புதிய தேதிக்கு உரிய அளவுத்திருத்தச் சான்று கேட்டேன்; இல்லை. அந்த நிறுவனத்தின் மீது எனக்கு இருந்த கோபத்தைவிட எங்கள் அலுவலகத்தின் மீது இருந்த கோபம் அதிகம். எத்தனை குறைகள் "முடிக்கப்பட்டன" என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் மாதந்தோறும் எங்கள் வேலை அளக்கப்பட்டது. குறை உண்மையில் தீர்ந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு ஆளும் இல்லை, கணக்கில் அதற்கு இடமும் இல்லை.

ஆள் பற்றாக்குறை என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். கனடாவின் டிரைடனில் 1989 மார்ச் 10 அன்று சிறகுகளில் பனி படிந்த ஃபாக்கர் விமானம் ஒன்று மேலெழுந்த உடனேயே விழுந்து 24 பேர் இறந்தார்கள். எஞ்சினைக் கிளப்ப உதவும் துணை மின் அலகு பழுது. அந்நிலையத்தில் எஞ்சினை மறுபடி கிளப்பும் வசதி கிடையாது. ஆகவே எஞ்சினை அணைக்க முடியவில்லை. எஞ்சின் ஓடும்போது பனி நீக்கவும் முடியவில்லை. விமானியைக் குற்றம் சொல்லி ஒரே பத்தியில் முடித்திருக்கலாம். நீதிபதி மொஷான்ஸ்கியின் விசாரணை ஆணையம் அப்படிச் செய்யாமல், சந்தையைத் திறந்துவிட்டதால் ஆய்வாளர்களின் வேலை பெருகிய அதே காலத்தில் ஒழுங்குமுறை அமைப்புக்கான வளங்கள் சுருக்கப்பட்டதையும் விபத்தின் காரணங்களோடு சேர்த்து எழுதியது. இந்தியாவை எஃப்.ஏ.ஏ. 2014 ஜனவரியில் இரண்டாம் வகைக்கு இறக்கியபோதும் முழுநேர விமான இயக்க ஆய்வாளர்கள் போதாமையே முக்கியக் குறையாகப் பேசப்பட்டது. ஆள் எடுத்த பிறகு, 2015 ஏப்ரலில் முதல் வகை திரும்பியது.

விமான நிறுவனம் மூத்த விமானிக்குத் தரும் சம்பளத்தை அரசு ஊதிய அட்டவணை தராது. எனவே ஆய்வாளர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது விமான நிறுவனத்திடமே விமானியை இரவல் வாங்குகிறார்கள். இரவலில் வந்தவர் சில ஆண்டுகளில் அதே நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டியவர். அவர் பேனா எப்படி எழுதும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சட்டக்குறிப்பு:

ஹேங்கர்வாசி ஐயாவின் அனுபவத்துக்கு முன் என்னுடையது புத்தக அறிவுதான். ஆனாலும் ஓரிடத்தில் அவரோடு முரண்படுகிறேன். ஆய்வாளருக்குச் சந்தைச் சம்பளம் தர முடியாமல் போவதற்குக் காரணமே அந்த அமைப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவாக இருப்பதுதான். தனியாக ஆள் எடுக்கவும் ஊதியம் நிர்ணயிக்கவும் கட்டணம் வசூலித்துத் தானே செலவிடவும் சட்டம் அதிகாரம் தராதவரை நான்காவது கூறு நிறைவேறாது. ஆகவே பிரிப்பது வெறும் முதல் படி என்று அதைத் தள்ளிவிட முடியாது. எந்தெந்த அதிகாரத்தோடு பிரிக்கிறோம் என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது.

வரைவாளர் கவனிக்க வேண்டிய முதல் இடம் நோக்கப் பிரிவு. "விமானப் போக்குவரத்தை வளர்ப்பதும் அதன் பாதுகாப்பை உறுதிசெய்வதும்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடும் பழக்கம் பல நாடுகளின் சட்டங்களில் உண்டு. எஃப்.ஏ.ஏ.வுக்கும் அந்த இரட்டைக் கடமை இருந்தது. 1996 மே 11 அன்று வேல்யூஜெட் நிறுவனத்தின் 592-ஆம் சேவை விமானம் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கறையில் முறையின்றிக் கட்டி ஏற்றப்பட்ட ஆக்சிஜன் உருவாக்கிகளில் இருந்து தீ கிளம்பியிருந்தது. அந்த நிறுவனத்தை முழுமையாக மறுசான்று செய்வது பற்றி யோசிக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ.வுக்குள்ளேயே சுமார் மூன்று மாதம் முன்பு ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது; அது நடவடிக்கையாக மாறவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் துறையை வளர்க்கும் கடமையை எஃப்.ஏ.ஏ.வின் சட்டத்திலிருந்து நீக்கியது. வரைவாளர் கேட்ட புதிருக்கும் ஓரளவு விடை இதில் உண்டு: எஃப்.ஏ.ஏ.வில் இரண்டு பணிகளும் சேர்ந்தே இருக்கின்றன, ஆனால் சட்டம் அதற்குச் சொல்லும் முதன்மைக் கடமை பாதுகாப்பு.

இரண்டாவது இடம், அமைச்சரின் கட்டளை. ஆணையத்துக்குத் தன்னாட்சி உண்டு என்று ஒரு பிரிவில் எழுதிவிட்டு, "பொது நலன் கருதி அமைச்சர் கட்டளைகள் பிறப்பிக்கலாம்" என்று கடைசியில் ஒரு பிரிவைச் செருகினால் எல்லாம் வீணாகிவிடும். கொள்கைக் கட்டளை எழுத்தில் இருக்க வேண்டும், வெளியிடப்பட வேண்டும், தனியொரு நிறுவனத்தின் சான்றிதழைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தலைவரின் பதவிக்காலமும் அவரை நீக்குவதற்கான காரணங்களும் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, தண்டனை ஏணி. பல பழைய சட்டங்களில் ஒழுங்குமுறை அமைப்பின் கையில் இரண்டே ஆயுதங்கள் இருக்கும்: எச்சரிக்கைக் கடிதம், சான்றிதழ் ரத்து. முதலாவதை யாரும் மதிப்பதில்லை. ஆயிரக்கணக்கான பயணிகள் நடுவழியில் நிற்பார்கள் என்பதால் இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. நடுவில் படிகள் இல்லாததால்தான் "மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்ற ஒரு வரி போதுமானதாகிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட விமானத்தை மட்டும் நிறுத்துதல், புதிய வழித்தடங்களைத் தடுத்தல், பொறுப்பு மேலாளரின் (நிறுவனத்தின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமை அதிகாரியின்) ஒப்புதலைத் திரும்பப் பெறுதல், வருவாயோடு இணைத்த அபராதம் ஆகியவை படிப்படியாக இருந்தால் ஆய்வாளருக்கும் துணிச்சல் வரும்.

நான்காவது, ஒப்படைப்பு. ஒழுங்குமுறை அமைப்பு எல்லாவற்றையும் தானே சோதிக்க முடியாது; சில சோதனைகளை உற்பத்தியாளரின் சொந்தப் பொறியாளர்களிடமே விட்டுவிடுகிறது. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபர் 29, 2019 மார்ச் 10 ஆகிய நாள்களில் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, இந்த ஒப்படைப்பு எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது உலகுக்குத் தெரிந்தது. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம் ஒப்படைப்பை ஒழிக்கவில்லை. அந்தப் பணியில் அமர்பவர்களை எஃப்.ஏ.ஏ. அங்கீகரிக்க வேண்டும், அவர்களுக்கு முதலாளி நெருக்கடி கொடுக்கக் கூடாது என்று கட்டியது. உங்கள் வரைவிலும் ஒப்படைப்புப் பிரிவு இருக்கும். யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதோடு, எப்போது திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

வரைவாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நோக்கப் பிரிவை இன்று காலையே திறந்து பார்த்தேன். "வளர்ப்பதும்" என்ற சொல் முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். விமான நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் ஆணையம் இயங்கினால், கட்டணம் தருபவர்களுக்கே அது கட்டுப்பட்டுவிடாதா? அடுத்து, தவறு செய்யும் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் சிறைத்தண்டனை வரை போக வேண்டும் என்று குழுவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். துறையினர் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

சட்டக்குறிப்பு:

கட்டணம் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டண விகிதம் விதிகளில் நிலையாக இருந்து, வசூல் சட்டப்படி தானாக நடந்தால் பேரம் பேச இடமில்லை. பயணிக்கு இவ்வளவு என்று விதிப்பது நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்பதைவிடப் பாதுகாப்பானது. பிரிட்டனின் ஆணையம் தன் செலவைப் பெரும்பாலும் கட்டணங்களிலிருந்தே ஈடுசெய்கிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2020-இல் உலகப் பயணிகள் எண்ணிக்கை ஏறத்தாழ 60 விழுக்காடு சரிந்தது. கட்டணத்தை மட்டும் நம்பியிருந்த அமைப்புகளின் வருவாயும் கூடவே சரிந்தது. நிறுவனங்கள் பணமின்றிப் பராமரிப்பைத் தள்ளிப்போட ஆசைப்படும் அந்தக் காலத்தில்தான் ஆய்வாளர் அதிகம் தேவை. எனவே ஓராண்டுச் செலவுக்காவது சேமநிதி வைக்கவும், பற்றாக்குறையை அரசு ஈடுகட்டவும் சட்டத்திலேயே வழிசெய்யுங்கள்.

கறுப்புப்பெட்டி:

இரண்டாவது ஐயத்துக்கு நான் வருகிறேன். விபத்து விசாரணையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு.

சிவில் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான பன்னாட்டு ஒப்பந்தமான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே என்றும், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் வேலை இல்லை என்றும் சொல்கிறது. இது தவறு செய்தவர் மீதான இரக்கத்தில் எழுதப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தகவலுக்கான பசியில் எழுதப்பட்டது. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் சேவை விமானம் வாஷிங்டனை நெருங்கும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம், தரையிறங்கும் வழியைக் காட்டும் அதே அணுகுமுறை வரைபடத்தை அதேபோலத் தவறாகப் புரிந்துகொண்டு, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி அந்த நிறுவனத்தின் சுவருக்கு வெளியே போகவில்லை. அதன் பிறகு 1976-இல் அமெரிக்காவில் தன்னார்வ அறிக்கை முறை வந்தபோது, அதை நடத்தும் பொறுப்பை எஃப்.ஏ.ஏ.விடம் வைக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள், ஏனெனில் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் தன் தவறை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

ஆகவே உங்கள் குழுவிடம் இப்படிக் கேளுங்கள்: ஓடுபாதையைத் தவறாகக் கடந்து, யாருக்கும் தெரியாமல் தப்பிய விமானி அதை எழுதித் தர வேண்டுமா, மறைக்க வேண்டுமா? வேண்டுமென்றே செய்த மீறல், போதையில் வேலைக்கு வருதல், பதிவேட்டைத் திருத்துதல் ஆகியவற்றுக்குத் தண்டனை இருக்கட்டும். (சீட்டின் மேல் சீட்டு ஒட்டியவரை நானும் காப்பாற்ற மாட்டேன்.) நேர்மையான பிழைக்குச் சிறை என்று எழுதினால், அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு எந்த அறிக்கையும் வராது, அறிக்கை வராததைப் பாதுகாப்பு மேம்பட்டதாகக் கணக்கும் காட்டுவார்கள்.

இதைவிட முக்கியமாக, விசாரணை அமைப்பைப் புதிய ஆணையத்துக்குள் வைத்துவிடாதீர்கள். உங்கள் முதல் வரைவு ஒழுங்குமுறையை மட்டுமே பிரிக்கிறது என்கிறீர்கள். விசாரணை அமைச்சகத்திலேயே தங்கினாலும் ஆணையத்துக்குப் போனாலும் கேடுதான். அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 1967-இல் தொடங்கியபோது போக்குவரத்துத் துறையோடு இணைந்திருந்தது. அதே துறையின் அமைப்புகளைக் குறை சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருக்கக் கூடாது என்பதால் 1974-இல் சட்டமியற்றி 1975 முதல் முற்றிலும் தனியாக்கினார்கள். விசாரணையாளர் எழுதும் பரிந்துரைகளில் பாதி, விமான நிறுவனத்தை நோக்கி இருக்காது. "ஒழுங்குமுறை அமைப்பு இதை ஏன் முன்பே காணவில்லை" என்றுதான் இருக்கும். அந்த வரியை எழுதிவிட்டு மறுநாள் அதே கட்டடத்தில் உணவு இடைவேளைக்குப் போவது எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் உட்கார்ந்ததும் எழுந்துபோய்விடுவார்கள். இரண்டாவது முறை எழுதும்போது சொல் தானாக மென்மையாகும்.

பரிந்துரைக்குப் பதில் பற்றியும் ஒரு பிரிவு வேண்டும். தடுப்பு நடவடிக்கை என்ன எடுத்தோம், அல்லது ஏன் எடுக்கவில்லை என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 13-ஆம் இணைப்பில் உள்ளது. அந்தப் பதிலை வெளியிட வேண்டும் என்பதையும் உங்கள் சட்டத்தில் சேருங்கள்.

தீவுவாசி:

மேலே பேசியவர்கள் எல்லோரும் நாட்டிடம் போதுமான ஆள் இருக்கும் என்ற எண்ணத்தில் பேசுகிறார்கள். மொத்தமே ஏழெட்டு விமானங்கள் பதிவாகியுள்ள நாடு, ஒவ்வொரு விமான வகைக்கும் தகுதி பெற்ற ஆய்வாளரை எங்கிருந்து கொண்டுவரும்? கிழக்குக் கரீபியனில் ஆன்டிகுவா, கிரெனடா, செயின்ட் லூசியா உள்ளிட்ட ஆறு சுதந்திர நாடுகள் சேர்ந்து ஒரே ஆணையத்தை வைத்திருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் 2007 முதல் கூட்டுக் கண்காணிப்பு முகமை ஒன்று ஆய்வாளர்களைப் பகிர்ந்துகொள்ள உதவுகிறது. குத்தகைக்கு விட்ட விமானத்தின் கண்காணிப்பை அதை இயக்கும் நிறுவனத்தின் நாட்டுக்கு ஒப்பந்தத்தின் மூலம் மாற்றித்தர சிகாகோ உடன்படிக்கையின் 83 பிஸ் பிரிவும் இடம் தருகிறது. ஆள் இரவல் வாங்கலாம், வேலையைப் பகிரலாம். பொதுவாகப் பன்னாட்டுக் கடப்பாடு மட்டும் அந்தந்த நாட்டின் பெயரில்தான் நிற்கும், தணிக்கைக்கு வருபவர்கள் கேள்வி கேட்பதும் அந்த நாட்டிடம்தான். அண்டை நாடுகளோடு கூட்டு ஏற்பாடு செய்துகொள்ள ஆணையத்துக்கு வெளிப்படையான அதிகாரம் தரும் ஒரு பிரிவு இருந்தால், பின்னால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்கு ஓட வேண்டியிருக்காது.

ஹேங்கர்வாசி:

சட்டக்குறிப்பு சொன்ன முரண்பாட்டை ஏற்கிறேன். சம்பளத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள முடிச்சை நான் சரியாகச் சொல்லவில்லை. தண்டனை ஏணி எங்களிடம் இருந்திருந்தால் அந்த ரெஞ்சின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

வரைவாளர் ஒரு பிரிவைத்தான் சேர்க்க முடியும் என்றால் என் வேண்டுகோள் இது. ஆய்வாளர் பதிந்த குறையை அவரே, திருத்தத்தை நேரில் அல்லது மூலச் சான்றில் பார்த்த பிறகு முடிக்க வேண்டும். மேலதிகாரி அதை முடிக்க விரும்பினால் முடிக்கலாம். ஆனால் காரணத்தைத் தன் கையெழுத்தோடு கோப்பில் எழுத வேண்டும், அந்தக் கோப்பு விசாரணை அமைப்புக்குத் திறந்திருக்க வேண்டும். இது விதியில் இருந்தால் அடுத்த அதிகாரி சுற்றறிக்கை ஒன்றால் மாற்றிவிடுவார். சட்டத்திலேயே இருக்கட்டும்.

வரைவாளர்:

சேர்த்துவிட்டேன், ஐயா. மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லி ஆய்வாளரையே முடிக்கவைத்தால் என்ன செய்வது?

ஹேங்கர்வாசி:

அது நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. வாய்மொழிக் கட்டளையைப் பெற்ற ஆய்வாளர் அதை அன்றே கோப்பில் பதிந்தால், அதற்காக அவரை இடமாற்றமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்று அடுத்த உட்பிரிவில் எழுதுங்கள். எத்தனை பேர் துணிந்து பதிவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒருவராவது பதிவார் என்ற ஐயம் இருந்தாலே, தொலைபேசியில் அப்படிச் சொல்ல வருபவர் கொஞ்சம் யோசிப்பார்.